பில்லில் பிடித்தம் விழும் இடங்கள்: நெல்லைப் பகுதி ஒப்பந்ததாரர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டை, சாலை மற்றும் வடிகால் பணிகள்

அரசு வேலை எடுப்பவர்களில் பலருக்கு ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாள்தான் பெரிய நாள். என்னைக் கேட்டால், பில் பாஸாகும் நாளில்தான் எல்லாச் சட்டங்களும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. வருமான வரிக்குத் தனிநபரிடம் 1 சதவீதமும் நிறுவனத்திடம் 2 சதவீதமும் பிடிக்கிறார்கள். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்கு 2 சதவீதம் பிடிக்கிறார்கள். இவை இரண்டும் பிறகு நம் வரிக் கணக்கிலேயே வரவாகிவிடும். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதம் திரும்பி வராது என்பதால் விலை போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரும் எதிர்பாராமல் வந்து நிற்பது சீனியரேஜ் பிடித்தம்தான், அதாவது கல், மணல் போன்ற கனிமத்துக்கு அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகைக்கான பிடித்தம்.

2022 மே 14 அன்று முன்னீர்ப்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு மாவட்டத்துக் குவாரிகளில் ஆய்வு நடந்து பல குவாரிகள் நின்றுபோனதால், ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை அரைத்துச் செய்யும் மணலும்) கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், கிடைத்த கிரஷரில் (கல் உடைக்கும் ஆலையில்) கிடைத்த விலைக்கு வாங்கி, இரவு லாரிகளில் சரக்கை இறக்கி வேலையைக் குறித்த நாளில் முடித்தார். பில்லில், நடைச்சீட்டு (குவாரியிலிருந்து கனிமம் ஏற்றிவர அனுமதிக்கும் சீட்டு) இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, மொத்த ஜல்லிக்கும் மணலுக்கும் சீனியரேஜ் கணக்கிட்டுப் பிடித்துவிட்டார்கள். அவர் கிரஷரின் ஜிஎஸ்டி பில்களை எடுத்துக்காட்டியபோது, அந்த பில் விற்பனைக்கு வரி கட்டியதைத்தான் காட்டும், அனுமதி பெற்ற குவாரியிலிருந்து உரிமைத்தொகை கட்டிய கனிமம் வந்ததைக் காட்டாது என்று பதில் வந்தது. அவருக்கு அது இரட்டைச் செலவுதான். ஆனாலும் அந்தப் பதிலில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. என் வேலைகளில் லாரி நுழையும்போதே நடைச்சீட்டு எண்ணையும் வண்டி எண்ணையும் சூப்பர்வைசர் நோட்டில் எழுதி, பார்ட் பில் (முடிந்த பகுதிக்கான பில்) போடும் முன் எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) அளவோடு ஒத்துப்பார்த்துவிடுகிறார்.

வண்ணார்பேட்டை, ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு இல்லாமல் வருபவரைவிட, சீட்டைக் கட்டாகக் கொண்டுவந்து வைப்பவரிடம்தான் எங்களுக்குப் பயம் அதிகம். கான்கிரீட் போட்டு, அளவெடுத்து, எம்-புக்கில் கையெழுத்தும் ஆன தேதிக்குப் பிந்தைய நடைச்சீட்டுகளை ஒருவர் கூசாமல் நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒரே வண்டி எண், ஒரே மணி நேரத்தில், இரண்டு ஊர் வேலைகளுக்குச் சரக்கு இறக்கியதாகக் காட்டிய சீட்டுகளும் வந்ததுண்டு. அதை ஏற்றுக் கையெழுத்திட்டால், தணிக்கையில் விளக்கம் எழுதுபவர் ஒப்பந்ததாரர் அல்ல, நான்தான்.

அம்பாசமுத்திரம், குளம் மற்றும் கால்வாய்ப் பணிகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியபோது, உடைந்த குளக்கரைகளை அடைக்க எங்களில் பலரை இரவோடு இரவாக அழைத்தார்கள். இயற்கைச் சீற்றம் போன்ற நிலைமைகளில் ஒப்பந்தப்புள்ளி கோராமல் பணி கொடுக்க 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரிவு விலக்குவது ஒப்பந்தப்புள்ளி நடைமுறையை மட்டும்தான். எழுத்து மூலமான உத்தரவையோ, அளவெடுப்பையோ, கூலிப் பதிவேட்டையோ அது விலக்கவில்லை என்பதைப் பலர் பணம் கேட்கப் போனபோதுதான் தெரிந்துகொண்டார்கள்.

உடைப்பில் போட்ட மணல் மூட்டை தண்ணீருக்குள் போய்விடும், பிறகு யார் வந்தாலும் அதை எண்ண முடியாது. உடைப்பின் நீளமும் ஆழமும்கூட, அடைத்து முடித்துவிட்டால் அளக்கக் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் மூத்த ஒப்பந்ததாரர் ஒருவர், கொட்டும் மழையிலும் இளநிலைப் பொறியாளரிடம் அரைத்தாளில் இன்ன குளம், இன்ன மடைக்கு வடக்கே உடைப்பு, இத்தனை மூட்டை, இத்தனை மணி நேரம் பொக்லைன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அதைப் பாலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். செய்து முடித்த வேலையைப் பிறகு ஏற்றுக்கொள்ளும் பின்னேற்பு உத்தரவு வந்தபோது அவருடைய பில் முதலில் நகர்ந்தது. அதே வாரத்தில் அதே அளவு வேலை செய்த இன்னொருவர், கைபேசிப் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஏற்கப்பட்ட மூட்டைகளின் எண்ணிக்கை குறைந்துபோனதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார்.

இராதாபுரம், ஆள் வழங்கும் ஒப்பந்தம்

எங்கள் வட்டாரத்தில் மத்திய அரசு வளாகங்களில் வேலை எடுப்பவர்கள் முதலில் தடுமாறுவது கூலியில்தான். ஊரில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன கூலி என்பதை வைத்து விலை போட்டுவிடுகிறார்கள். அங்கே செல்லுபடியாவது மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி. அதன் அகவிலைப்படி ஏப்ரல் 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை திருத்தப்படும். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு என்றால் நான்கு திருத்தங்களை முன்கூட்டியே நினைத்து விலை போட வேண்டும்.

ஒரு வளாகத்தில் நான் பார்த்த நிகழ்ச்சி இது. கூலி வழங்கும்போது வளாகத்தின் பிரதிநிதி அருகில் இருந்து பதிவேட்டில் சான்றொப்பம் இட வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த மாதம் ஒப்பந்ததாரர் பழைய விகிதத்திலேயே கொடுக்க, பிரதிநிதி கையெழுத்திட மறுத்துவிட்டார். ஒப்பந்ததாரர் குறைத்துக் கொடுத்தால் மீதியை முதன்மை வேலையளிப்பவரே (அதாவது ஒப்பந்தம் கொடுத்த வளாகமே) தொழிலாளிக்குக் கொடுத்து, ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அங்கே அப்படியே நடந்தது. தொழிலாளிகளுக்கு அன்றே பணம் கிடைத்தது என்பதால், அதை ஒரு தண்டனையாக நான் நினைக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒப்பந்தத் தொழிலாளர் உரிமத்துக்கான எண்ணிக்கை 20 பேர் என்பதிலிருந்து 50 பேராக உயர்ந்திருக்கிறது. ஐம்பதுக்குக் கீழே ஆள் வைத்தால் எதுவுமே வேண்டாம் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். 10 பேருக்கு ஈ.எஸ்.ஐ., 20 பேருக்கு பி.எஃப். என்ற வரம்புகள் அப்படியே இருக்கின்றன, குறைந்தபட்சக் கூலிக்கோ தலைக்கணக்கே கிடையாது.

சங்கரன்கோவில், கட்டடப் பணிகள்

சுருக்கமாக ஒன்று. அரசுக் கட்டடப் பணிகளுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 அன்று 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. வேலை முன்பே முடிந்திருந்தாலும், இன்வாய்ஸும் பணமும் அந்தத் தேதிக்குப் பின் வந்தால் புதிய விகிதம்தான். முந்தின வாரமே இன்வாய்ஸ் போட்டவர்கள் பழைய விகிதத்தில் நின்றார்கள். மற்றவர்கள், கூடுதல் 6 சதவீதத்தைத் தருவது யார் என்று ஒப்பந்த நிபந்தனைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

வள்ளியூர், நீர்வழங்கல் பணிகள்

குறைந்த விலை கொடுத்தும் தொழில்நுட்பக் காரணம் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒருவர், அந்த ஆணையை எதிர்த்து அரசுக்கு மேல்முறையீடு செய்ய அதே 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வழி இருப்பதை அறிந்தே இருந்தார். இருந்தும் அவரையும் இவரையும் போய்ப் பார்ப்பதிலேயே நாள்கள் கழிந்தன. ஆணை கிடைத்த நாளிலிருந்து பத்து நாள்தான் அவகாசம். பதினோராவது நாள் வழக்கறிஞரிடம் போனபோது, அவர் கேட்ட முதல் கேள்வி ஆணை என்றைக்குக் கைக்கு வந்தது, அந்த உறை இருக்கிறதா என்பதுதான்.