நார்த்தாம்ப்டன்: தீக்கு முந்தைய ஊரைத் தேடுகிறேன், உதவுங்கள்

நண்பர்களே, இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரையும் அதன் தலைநகர் நார்த்தாம்ப்டனையும் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படைக்குக் காலணி செய்து கொடுத்தது. மன்னராட்சி திரும்பியதும் இரண்டாம் சார்லஸ் சும்மா விடவில்லை. 1662இல் ஊர் மதிலையும் கோட்டையையும் இடிக்க உத்தரவிட்டார். 1164இல் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டை விசாரித்த கோட்டை அது! எஞ்சியதில் பெரும்பகுதியும் 19ஆம் நூற்றாண்டில் ரயில் நிலையத்துக்காகப் போய்விட்டது. நினைத்தால் மனசு ஆறவில்லை.

1675இல் பெருந்தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அப்போது ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தைத் திரும்பக் கட்ட 1000 டன் மரம் கொடுத்தவரும் அதே சார்லஸ்தான். அங்குள்ள அவர் சிலைக்கு மே 29 அன்று ஓக் இலை மாலை சூட்டுவது வழக்கம்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான்: வரைபடக் கலைஞர் ஜான் ஸ்பீடின் 1610 வரைபடத்தில் தீக்கு முந்தைய தெருக்கள் இருக்கின்றன. எழுத்துகளைப் படிக்கும் அளவுக்குத் தெளிவான படம் யாரிடமாவது உண்டா? அப்புறம், அந்தப் பக்கம் வசிப்பவர்கள் ரயில் நிலையச் சுவரில் இருக்கும் பழைய கோட்டை வாசலைப் படமெடுத்து அனுப்பினால் பெரிய உதவி. கட்டுரையில் உங்கள் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிப்பேன்.