பய பைய வாசிக்கான்

சேரன்மாதேவி வீடு (குரூப்)

மைனி பேட்டை: எல்லாரும் இத கொஞ்சம் பாருங்க. ஜங்ஷன் பக்கம் ஒரு கிளாஸ்ல நோட்டீஸ் குடுத்தாவ, 30 நாள்ல ஒரு நிமிஷத்துக்கு 1000 வார்த்த வாசிக்க வச்சிருவாங்களாம். நம்ம பயல சேத்து விடலாமான்னு இருக்கேன். நாலாம் கிளாஸ் வந்துட்டான் இன்னும் எழுத்துக்கூட்டி பைய பைய வாசிக்கான், மீட்டிங்ல மிஸ் ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்து 58 வார்த்தன்னு எழுதி குடுத்தாவ எனக்கு அங்கயே ஒரு மாதிரி ஆயிட்டு

அத்தான்: 1000 வார்த்தையா!! நான் கல்யாண பத்திரிகையவே அஞ்சு நிமிஷம் வாசிக்கேன்

அண்ணன்: பீஸ் 6500. பாதி கட்டியாச்சு

அத்தான்: கட்டிட்டுதான் எங்ககிட்ட கேக்கியளாக்கும்

மைனி பேட்டை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்பை அத்தை: எம்மா 58ன்னதும் பயந்திராத. தமிழா இங்கிலீஷா, தெரிஞ்ச பாடமா புதுசா, அத கேட்டியா

மைனி பேட்டை: தமிழ்தான் அத்தை. புது பாடம்னு சொன்னாவ

அம்பை அத்தை: அப்ப ஒண்ணும் குடி முழுகிரல. 2021ல வந்த நிபுண் பாரத்ல, அதான் சின்ன கிளாஸ் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் பழக்குத மத்திய அரசு திட்டம், மூணாங்கிளாஸ் முடிக்கையில 60 வார்த்தன்னுதான் வச்சிருக்காவ, அதுவும் புரிஞ்சு வாசிக்கணும்னு சேத்துதான் போட்டிருக்கு. அந்த "புரிஞ்சு"ங்கத எல்லாரும் விட்டுட்டு நம்பர மட்டும் புடிச்சிக்கிட்டாவ. நான் டீச்சரா சர்வீஸ்ல இருந்தப்பவே இதான் கூத்து, ஆபீசர் வந்தா கடகடன்னு ஒப்பிக்கிற பிள்ளைய முன்னாடி நிப்பாட்டிருவோம். அது என்ன வாசிச்சிச்சின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ, நானும் கேட்டதில்ல, உண்மைய சொல்லணும்லா

மைனி பேட்டை: நெட்ல நாலாம் கிளாசுக்கு 133ன்னு போட்டிருந்துச்சே

நான்: அது அமெரிக்க பிள்ளைக வருஷக் கடைசில இங்கிலீஷ் சத்தம்போட்டு வாசிக்க கணக்கு மைனி, நடு மட்டம். அத தமிழுக்கு வச்சு பாக்கக்கூடாது. "போய்க்கொண்டிருந்தார்களாம்" நமக்கு ஒரே வார்த்த, இங்கிலீஷ்ல அதுக்கு நாலஞ்சு வார்த்த வேணும்

நான்: அப்புறம் இந்த 1000. பிரிஸ்பேர்ட்னு பெல்ஜியத்துல ஒரு பேராசிரியர், 190 ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து 2019ல கணக்கு போட்டிருக்காரு. வளந்த ஆளுக இங்கிலீஷ மனசுக்குள்ள வாசிச்சா, கட்டுரை மாதிரின்னா நிமிஷத்துக்கு சராசரி 238 வார்த்த, கதைன்னா 260. நம்ம பய அதவிட நாலு மடங்கு வாசிக்கப் போறானாக்கும்

அண்ணன்: ஒரே பார்வைல முழு வரியையும் அள்ளிருவோம்னு டெமோல காட்டினாங்களேடா

நான்: கைய நேரா நீட்டி பெருவிரல் நகத்த பாருங்க. ஏறக்குறைய அந்த அகலந்தான் கண்ணுக்கு தெளிவா தெரியும், சுத்தி உள்ளது எல்லாம் மங்கல். அதனாலதான் வாசிக்கும்போது கண்ணு தாவித்தாவி போகுது, ஒரு எடத்துல கால் செகண்டு நிக்கும், அடுத்த தாவல். இங்கிலீஷ் வாசிக்கிறவங்களுக்கு ஒரு தாவல் ஏழெட்டு எழுத்து. 100 தாவல்ல 10, 15 பின்னாடி திரும்பிப் போகும். புரியலன்னா திரும்பி பாக்கத்தான செய்யும். இந்த கிளாஸ்காரங்க அந்த திரும்பிப் பாக்கறதையே கெட்ட பழக்கம்னு விரல வச்சு நிறுத்திருவாங்க. 2014ல ஒரு சோதனைல வாசிச்சு முடிச்ச வார்த்தைகள மறைச்சு திரும்பிப் பாக்க முடியாம பண்ணினப்ப, புரியறது கொறஞ்சு போச்சு

அத்தான்: நான் நகத்த பாத்தேன். வெட்டணும்

நான்: இந்த யாவாரமும் புதுசில்ல. 1959லயே அமெரிக்காவுல ஈவ்லின் வுட்னு ஒரு டீச்சர் ஆரம்பிச்சது. கீத் ரெய்னர்னு கண் அசைவையே வாழ்க்க முழுக்க ஆராய்ஞ்சவரும் கூட உள்ளவங்களும் எழுதினது 2016ல வந்துச்சு, வேகம் கூடினா புரியறது கொறையும், குறுக்கு வழி கெடையாதுன்னு. மேஞ்சு பாக்கறதுக்கு வேணா உதவும், பேப்பர்ல தலைப்பு பாக்க மாதிரி

அப்பா: என்ன காலைலயே இத்தன மெசேஜ். வாசிச்சு முடியல

அம்பை அத்தை: அண்ணே நீங்க பையவே வாசிங்க

அம்பை அத்தை: எம்மா ஒரு சோலி செய்யி. நான் ஒரு பத்தி அனுப்புதேன், அவன் பாக்காதது. மொதல்ல வெரசா வாசிலேன்னு சொல்லு, வாட்ச் வை. முடிச்சதும் புக்க மூடிட்டு கேளு, அந்த விவசாயி எதுக்கு மாட்ட வித்தாரு? பெறவு வாட்ச தூக்கி வச்சிட்டு உன் இஷ்டத்துக்கு வாசின்னு விட்டுரு, திரும்ப கேளு

(இருபது நிமிஷம் ஒருத்தரும் இல்ல)

மைனி பேட்டை: அத்தை வெரசா வாசிச்சதுல 79 வந்துச்சு!! ஆனா மாட்ட எதுக்கு வித்தாருன்னு கேட்டா மாட்டுக்கு வயசாயிட்டுங்கான். அப்படி ஒரு வரியே அதுல கெடையாது

மைனி பேட்டை: ரெண்டாவது தரம் வாட்ச் இல்லாம. ரெண்டு எடத்துல அவனே திரும்பிப் போயி வாசிச்சான். வாய்க்கால்ல தண்ணி வரல நெல்லு கருகிட்டு கடன் கட்டணும்லா அதான் வித்தாருன்னு சொல்லுதான். எனக்கே அந்த கடன் விஷயம் கண்ணுல படல

அம்பை அத்தை: பாத்தியா. எந்த மாசத்துல விதச்சிருப்பாருன்னு கேளு

மைனி பேட்டை: தெரியலங்கான். பத்தில "குறுவை"ன்னு இருக்குல்லா, அது குருவியான்னு கேக்கான் 😄

அப்பா: அவனுக்கு எப்படி தெரியும், குறுவைங்கது அந்த நெல்லு பருவத்துக்கு தஞ்சாவூர் பக்கத்துப் பேச்சு. நம்ம பக்கத்துப் பேர்ல கார்னு சொல்லு

மைனி பேட்டை: சொன்னேன் மாமா. "ஓ காரா, அப்ப ஆனி, தாத்தா ஸ்கூல் தொறந்த பெறவுதான விதைப்பாவ, பிசானம்னாதான் ஐப்பசி"ன்னு கடகடன்னு சொல்லுதான்

அப்பா: என் பேரன்லா

நான்: அத்தை இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. 1988ல அமெரிக்காவுல ஏழெட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு பேஸ்பால் ஆட்டத்த பத்தி வாசிக்க குடுத்தாங்க. நல்லா வாசிக்கத் தெரிஞ்சும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகள விட, வாசிப்புல பின்தங்கி ஆட்டம் தெரிஞ்ச பிள்ளைகதான் நல்லா சொல்லிச்சாம்

அம்பை அத்தை: ஆமா. ஆனா ஒண்ணு, பைய வாசிச்சா பரவால்லன்னு அப்படியே விட்டுரவும் கூடாது. எழுத்துக்கூட்டிக்கிட்டே கெடந்தா வரி முடியுமுன்ன மொத வார்த்த மறந்து போகும், மூள பூராவும் "ணூ"வா "னூ"வான்னு பாக்கதுலயே தீந்துரும், அர்த்தத்துக்கு மிச்சம் இருக்காது. இவனுக்கு எழுத்து தெரியும், கை பழகணும் அவ்வளவுதான். ஒரே பத்திய தெனம் மூணு நாலு தரம் வாசிக்க விடு, சத்தமா, நீ பக்கத்துல இருந்து. வேகம் தானா வரும், அந்தப் பழக்கம் அடுத்த பத்திக்கும் வரும். வாட்ச் இருந்தாலும் கண்டுக்காத, முடிஞ்சதும் ஒரு கேள்வி மட்டும் விடாம கேளு

மைனி பேட்டை: சரி அத்தை. சாயங்காலம் டிவி போடாம வச்சு பாக்கேன்

அத்தான்: அப்ப அந்த 3250?

அண்ணன்: போன் பண்ணினேன். ரீபண்ட் கிடையாதாம், ரசீதுல பொடி எழுத்துல போட்டிருக்காம்

அத்தான்: வெரசா வாசிச்சு கையெழுத்து போட்டியளோ

அண்ணன்: போலே

அம்மா (வாய்ஸ், 0:14): ஏட்டி எல்லாரும் போன வச்சிட்டு சாப்பிடுங்க, சொதி ஆறுது, அவன் வாசிப்பான் வாசிப்பான்

மைனி பேட்டை: அம்பை ஆச்சி நான் தான் அம்மா போன்ல டைப் பண்ணுதேன். அந்த மாட்ட அவரு திரும்ப வாங்கினாரா? கதைல போடவே இல்ல

அம்பை அத்தை: எய்யா ராசா. அடுத்த பத்தில இருக்கு, நாளைக்கு அனுப்புதேன்

அத்தான்: எனக்கும் அனுப்புங்கம்மா. நான் இன்னும் மொத பத்தியவே முடிக்கல