பிரேக் மிதித்தால் முன் இண்டிகேட்டர் எரிகிறது – யாருக்காவது நடந்ததா?

பழைய கார்புரேட்டர்
பைக்கில் கம்பெனி இண்டிகேட்டரை எடுத்துவிட்டு வெளியில் வாங்கியதை மாட்டியவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பின் மட்கார்டு பிராக்கெட்டுக்குப் பவுடர் கோட்டிங் போட்டு, டெயில் லைட்டையும் புது இண்டிகேட்டர்களையும் அதிலேயே முடுக்கினேன். இரவு வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பிரேக்கை மிதித்தேன். பிரேக் லைட் மங்கல். ஆனால் எதிர்ச்சுவரில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால் முன் இண்டிகேட்டர் இரண்டும் கங்கு போலக் கனன்றுகொண்டிருந்தன. சுவிட்சை நான் தொடவே இல்லை! காலை எடுத்தால் அணைந்தது, மிதித்தால் மறுபடி கனன்றது.

பெயிண்ட் எர்த்தை, அதாவது கரண்ட் வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழியை, அடைத்துவிட்டது. பிரேக் பல்பின் கரண்ட் திரும்ப வழியில்லாமல் பின் இண்டிகேட்டர் வழியாகப் புகுந்து, முன் இண்டிகேட்டரைக் கடந்து பாடிக்குப் போயிருக்கிறது. போல்ட் அடியில் இருந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்ததும் சரியானது. அப்படியே ரோட்டில் இறங்கியிருந்தால் பின்னால் வருபவருக்கு நான் நிற்பதே தெரிந்திருக்காது. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

நீலப்புகை
எனக்குச் சிக்கல் கறுப்பு வயரால் வந்தது. புது இண்டிகேட்டரில் கறுப்புதான் எர்த், அதனால் வண்டியிலும் கறுப்போடு சேர்த்தேன். பழைய ஹோண்டாவில் எர்த் பச்சை. கறுப்பு, சாவி போட்டதும் கரண்ட் வருகிற வயர். இண்டிகேட்டர் தண்டோ உலோகம், ஃபிரேமோடு ஒட்டி நிற்கிறது. சாவியைத் திருப்பிய நொடியில் கரண்ட் நேரே ஃபிரேமுக்குப் பாய்ந்து, கண்ணாடி ஃபியூஸ் உள்ளே வெள்ளி படிந்து கறுத்துப் போனது. ஃபியூஸ் இருந்த இடத்தில் யாராவது கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் வயரிங் முழுக்க எரிந்திருக்கும்.

ஸ்போக்
முதல் பதிவில் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். நான் சுரண்டினேன், பயனில்லை. எல்ஈடி போட்ட பிறகு இடது போட்டாலும் வலது போட்டாலும் நான்கும் சேர்ந்து மின்னின. எர்த் எல்லாம் சுத்தம். காரணம் மீட்டரில் இருந்த ஒற்றை இண்டிகேட்டர் பல்ப். அது இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். எல்ஈடிக்கு எரியக் கொஞ்சம் கரண்டே போதும் என்பதால் அந்தப் பல்ப் வழியாக எதிர்ப்பக்கமும் எரிகிறது. கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இரண்டை வைத்து, பல்பின் மறுமுனையை எர்த்துக்குக் கொடுத்தேன். தீர்ந்தது.

எர்த்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இண்டிகேட்டர் எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை இண்டிகேட்டர் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ தடை இருக்கிறது. முன்பக்கத்துக்கு ஸ்டீயரிங் பேரிங்கை நம்பவே கூடாது: கிரீஸும் உருண்டையும் எர்த் வயர் ஆகாது. ஹெட்லைட் கிண்ணத்திலிருந்து ஃபிரேமுக்குத் தனி வயர் இழுங்கள், ஹாண்டில் முழுக்கத் திரும்பும் அளவுக்குத் தொய்வு விட்டு. ரப்பர் புஷ் வைத்த தண்டு என்றால் தனி வயர் இல்லாமல் எர்த் கிடைக்கவே கிடைக்காது. பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள், துரு ஏறாது. எல்ஈடி மின்னாமல் நின்றே எரிந்தால் விட்டுவிட்டு எரிய வைக்கும் ஃபிளாஷரை மாற்றுங்கள், ரெசிஸ்டர் வேண்டாம்.

கிக்கர்
ரெசிஸ்டர் பற்றி அவர் சொன்னதை நானும் சொல்கிறேன். பழைய ஃபிளாஷர் 21 வாட் பல்ப் இரண்டை நம்பிச் செய்தது, 3.5 ஆம்பியர் இழுத்தால்தான் உள்ளே தகடு சூடாகி விட்டுவிட்டு எரியும். எல்ஈடி அவ்வளவு இழுக்காது என்பதால், அதை ஏமாற்றக் கூடுதல் கரண்ட் இழுக்கும் ரெசிஸ்டரைப் பக்க மூடிக்குள் கட்டினேன். நீண்ட சிக்னலில் இண்டிகேட்டர் போட்டபடி நின்றபோது தொடைக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் நெடி. இறங்கி மூடியைக் கழற்றினால் ரெசிஸ்டர் அளவுக்கே ஒரு பள்ளம்.

பழைய கார்புரேட்டர்
ஸ்போக், பேரிங் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் அளந்தேன்: பின்பக்கம் 0.05, முன்பக்கம் 0.9. நாளைக்கு வயர் இழுக்கிறேன்.