மரவாழ் டரண்டுலாவை வீட்டில் வளர்க்கலாமா?

வேங்கைமரம்:
மின்னலாய் ஓடும், சீண்டினால் கடிக்கும் மரவாழ் டரண்டுலாவை, அதாவது மரத்தில் வாழும் பெரிய, முடியடர்ந்த சிலந்தியை, யாருமே வளர்க்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பொயிசிலோதேரியா பேரினச் சிலந்தி ஒன்றை ஆறு ஆண்டுகளாக வளர்க்கிறேன். அது சண்டைக்கு வருவதில்லை, ஒளிந்துகொள்ளவே ஓடுகிறது. உயரமான பெட்டி, நிமிர்த்தி வைத்த மரப்பட்டைக் குழல், நல்ல காற்றோட்டம், கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் பகல் முழுவதும் பட்டைக்குள்ளேயே கிடக்கும்.

செந்நாரை:
ஓடும் வழியில் உங்கள் கை இருந்தால்? அமெரிக்கக் கண்டத்து டரண்டுலாக்கள் பலவும் அரிப்பூட்டும் வயிற்று முடியை உதறித் தற்காத்துக்கொள்ளும். பொயிசிலோதேரியாவுக்கு அந்த முடி கிடையாது. ஓட முடியாவிட்டால் கடிதான். உயிர் போகாது என்பது சரி. ஆனால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வாட்டும். ஓய்ந்துவிட்டது என்று நினைத்த பிறகும் திரும்ப வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு என்ன வேலை?

வேங்கைமரம்:
குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். எனக்கே ஒருமுறை தவறியது. பட்டைக்குள் இருக்கும் என்று நம்பி மூடியைத் தூக்கினேன். அது மூடியின் அடியிலேயே நூல் பின்னி உட்கார்ந்திருந்தது. இடுக்கியில் ஏறி, மணிக்கட்டைக் கடந்து, தோளுக்குப் போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. அசையாமல் நின்றேன். சுவருக்குத் தாவியதும் ஒளிபுகும் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினேன். அன்றிலிருந்து, டார்ச் அடித்து அது இருக்கும் இடத்தைப் பார்க்காமல் மூடியில் கை வைப்பதில்லை. பெட்டியைப் பெரிய தொட்டிக்குள் வைத்துத்தான் திறக்கிறேன்.

தும்பி:
முதலில் தரைவாழ் இனம் ஒன்றை வளர்த்துப் பழகினால் போதாதா?

வேங்கைமரம்:
போதாது. மரவாழ் இனங்களிலேயே சாதுவான அவிக்குலேரியாவில் தொடங்குங்கள். உயரப் பெட்டியைத் திறந்து மூடும் பழக்கம் அதில்தான் வரும்.

செந்நாரை:
பழக்கம் கைக்கு வரும். காட்டுக்கு என்ன பதில்? நீல நிறத்துக்காகவே பலர் தேடும் பொயிசிலோதேரியா மெட்டாலிகா, ஆந்திரக் காடுகளில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. பேரினம் முழுவதையும் 2019இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள்.

வேங்கைமரம்:
அதனால்தான் வளர்ப்பில் பிறந்த குஞ்சு மட்டுமே வாங்குகிறேன்.

செந்நாரை:
கருவுற்ற தாயைக் காட்டில் பிடித்துவந்து பெட்டியில் முட்டையிட வைத்தாலும் அது 'வளர்ப்பில் பிறந்த குஞ்சு'தான், நண்பரே.

வேங்கைமரம்:
இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இனித் தாயும் தந்தையும் எங்கே வளர்ந்தவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்க மாட்டேன். வளர்ப்பதை மட்டும் விட முடியாது.