நித்தியகல்யாணியிலிருந்து வரும் கீமோ ஊசி: உங்கள் அனுபவம் என்ன?

மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் சொன்ன முதல் யோசனை நித்தியகல்யாணிக் கஷாயம். "மருந்தே அந்தச் செடியிலிருந்துதானே எடுக்கிறார்கள், நேராகவே குடித்தால் என்ன?" டாக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். அவர் திட்டவில்லை. "டன் கணக்கில் இலை போட்டால் கிராம் கணக்கில்தான் வின்கிரிஸ்டின் என்ற இந்த மருந்து கிடைக்கும். அதையும் பையனின் உயரம், எடை பார்த்து மில்லிகிராமில் ஏற்றுகிறோம். வளர்ந்த ஆளுக்கே ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது?" என்றார்.

அப்புறம் ஃபைல் அட்டையின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க உள்ளே மெல்லிய குழாய்கள் உருவாகின்றன. டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்தால்தான் அந்தக் குழாய் உண்டாகும். வின்கிரிஸ்டின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு அதைச் சேரவிடாது. செல் பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்டு சாகும். ஓயாமல் பிரிகிற புற்றுசெல்லுக்கு அடி அதிகம்.

பிரியவே செய்யாத நரம்புக்கு ஏன் பாதிப்பு? நரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரக்கு போகிற தண்டவாளமும் இதே குழாய்கள்தான். காலுக்குப் போகிற நரம்பு மிக நீளம் என்பதால் முதலில் கால்தான் சொல்லும். மகன் நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் கட்டைவிரல் தரையில் தட்டும். செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. தாடையிலும் வலி இருந்தது. முடி கொட்டுமே என்று நாங்கள் பயந்தோம், ஆனால் பிள்ளையை நிஜமாகப் படுத்தியது மலச்சிக்கல். அதற்கான மருந்தை டாக்டரிடம் கேட்டு ஆரம்பத்திலேயே தொடங்குங்கள். இன்னொன்று, பூஞ்சைத் தொற்றுக்கு யாராவது இட்ரகோனசோல் எழுதினால் உடனே புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரல் வின்கிரிஸ்டினைக் கழிப்பதை அது மந்தமாக்கும், நரம்புப் பாதிப்பு கூடும்.

*

மருந்தியல் படித்தவன் என்ற முறையில் கஷாயக் கட்சிக்கு ஒரு கதை. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் ஜமைக்காவிலிருந்து வந்த இந்த இலையை ஆராய்ந்தார்கள். அங்கே சர்க்கரை நோய்க்கு இதன் தேநீர் குடிப்பார்கள். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துச் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாக ஏற்றியதும் வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் தொற்று வந்து செத்தன. வெள்ளை அணுக்களையே குறைக்கிறதென்றால் ரத்தப் புற்றுக்கு உதவுமே என்று அந்தச் சாவிலிருந்துதான் இதே செடியின் இன்னொரு புற்று மருந்தான வின்பிளாஸ்டின் வந்தது. வின்கிரிஸ்டின் ஈலை லில்லி (Eli Lilly) என்ற மருந்து நிறுவனத்தில் பிரிக்கப்பட்டு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

*

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் செவிலியர் நான். எங்களுக்கு இந்த மருந்தில் பெரிய பயமே வழி மாறுவதுதான். இதே பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற வேறொரு கீமோ மருந்தும் போடுவோம். வின்கிரிஸ்டின் தவறி முதுகுக்குப் போனால் பெரும்பாலும் உயிர் தப்பாது. அதனால்தான் சிரிஞ்சில் எடுக்காமல் சின்ன சலைன் பையில் கலந்து ஏற்றச் சொல்லி 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பையைப் பார்த்து யாரும் முதுகு ஊசி என்று நினைக்க மாட்டார்கள் அல்லவா? ஏறும்போது கையில் எரிச்சல் என்றால் பிள்ளை அழுது முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். பல கீமோ மருந்துகளுக்கு ஐஸ் வைப்போம், இதற்கோ வெதுவெதுப்பான ஒத்தடம்.

*

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் மானாவாரியாக நித்தியகல்யாணி போடுவார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, வேலி செலவு மிச்சம். இலை தனி, வேர் தனி எனக் காயவைத்து வியாபாரிக்குப் போடுவோம். வேரிலிருந்து ரத்தச் சம்பந்தமான வேறு மருந்து எடுக்கிறார்களாம். இலை எந்த நோய்க்குப் போகிறது என்பது இந்த இழையைப் படித்துத்தான் முழுசாகப் புரிந்தது.

*

எனக்குப் போட்டது பாக்லிடாக்சல், மார்பகப் புற்றுக்கு. அதுவும் முதலில் மரத்திலிருந்து வந்ததுதான், பசிபிக் யூ என்ற அமெரிக்க மரத்தின் பட்டை. வேலை மட்டும் தலைகீழ்: குழாயைக் கட்டவிடாமல் தடுப்பது வின்கிரிஸ்டின், கட்டிய குழாயைப் பிரிக்கவிடாமல் இறுக்குவது இது. இரண்டிலும் செல் நடுவழியில் நிற்கிறது. நீரில் கரையாததால் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலக்கிறார்கள். அது ஒவ்வாமை தரும், எனவே முன்னதாகவே ஸ்டீராய்டு, அலர்ஜி ஊசி எல்லாம் உண்டு. சிகிச்சை முடிந்து வெகுநாளாகியும் விரல் நுனி மரத்தே இருக்கிறது. ஜாக்கெட் கொக்கி மாட்ட மகள் வர வேண்டும். சுடுதண்ணீரின் சூடு விரலில் உறைக்காது, முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்களும் அப்படியே செய்யுங்கள்.