விதிகள் சேரச் சேர 'எதிரி' 0.88 ஆகிறது, எங்கே பிசகு?

கேள்வி:
வான் பாதுகாப்புப் பயிற்சி சிமுலேஷனுக்காக, வருகிற விமானம் எதிரியா என்று சொல்லும் எக்ஸ்பர்ட் சிஸ்டம் (நிபுணரைப் போல விதிகளை வைத்து முடிவு சொல்லும் நிரல்) ஒன்று எழுதுகிறேன். மைசின் என்ற பழைய மருத்துவ எக்ஸ்பர்ட் சிஸ்டத்தின் பாணியில், ஒவ்வொரு விதியையும் எவ்வளவு நம்பலாம் என்று எண்ணால் சொல்லும் உறுதிக் காரணிதான். வேகம் அதிகம் 0.6, கப்பலை நோக்கி வருகிறது 0.5, அடையாளக் கேள்விக்குப் பதில் இல்லை 0.4. அ + ஆ(1 − அ) என்று சேர்த்தால் முதலில் 0.8, பிறகு 0.88. 0.8-ஐத் தாண்டினால் 'எதிரி' என்று வைத்திருக்கிறேன். சோதனைக்கு விட்ட பயணிகள் விமானங்களும் மாட்டிக்கொள்கின்றன. 'தெரியாது' என்பதற்கும் எடை ஒதுக்கிச் சாட்சியங்களைச் சேர்க்கும் டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் முறைக்கு மாறினால் சரியாகுமா?

பதில் 1:
மாறினாலும் அதே 0.88 தான் வரும், தாளில் போட்டுப் பாருங்கள். எல்லாச் சாட்சியமும் ஒரே பக்கம் சாய்ந்து, மீதி எடை 'தெரியாது' என்பதற்குப் போனால் இரண்டு முறையும் ஒரே கணக்குதான். சாட்சியங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று இரண்டுமே நம்பிக்கொள்கின்றன. உங்கள் வேகமும் திசையும் ஒரே ரேடார் தடத்திலிருந்து வருபவை. தடம் தப்பென்றால் இரண்டும் சேர்ந்தே தப்பு. ஒரே மூலத்து விதிகளைக் குழுவாக்கி, பெரியதை மட்டும் எடுங்கள்: 0.6-உடன் 0.4 சேர்ந்தால் 0.76. முரட்டு வழிதான், ஆனால் இரட்டை எண்ணிக்கை நிற்கும்.

பதில் 2:
'எதிரி இல்லை' என்று சொல்ல ஒரு விதிகூட இல்லையே! 1988 ஜூலை 3-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரான் ஏர் 655-ஐச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலேறுவதாகவே கப்பலின் ஏஜிஸ் போர்க் கணினி அமைப்பின் பதிவு காட்டியது. கப்பலில் இருந்தவர்களோ கீழிறங்குகிறது என்று நம்பினார்கள். 'பயணிகள் வான்பாதையில் மேலேறுகிறது' என்பதற்கு −0.5 கொடுங்கள். எதிரெதிர்க் குறி எண்களுக்குச் சேர்க்கும் கணக்கு வேறு: (0.76 − 0.5) ÷ (1 − 0.5) = 0.52, உங்கள் 0.8-க்குக் கீழே.

கேட்டவர்:
குழுவாக்கி, எதிர்விதியும் சேர்த்தேன். பயணிகள் விமானங்கள் இப்போது 'தெரியாது' பக்கம் விழுகின்றன. இரண்டு மூலங்கள் நேருக்கு நேர் மோதும்போதாவது டெம்ப்ஸ்டர் விதி உதவுமா?

பதில் 1:
அங்கேதான் அது அதிகம் காலை வாரும். கணினி அறிவியலாளர் லோட்ஃபி சாதே 1979-இல் காட்டிய சிக்கலை உங்கள் களத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மூலம் குண்டுவீச்சு விமானம் 0.99, உளவு விமானம் 0.01 என்கிறது. மற்றது பயணிகள் விமானம் 0.99, உளவு 0.01 என்கிறது. சேர்த்தால் உளவு விமானம் 1! யாருமே நம்பாதது உறுதியாகிவிடுகிறது. முரண்பட்ட 0.9999 எடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஒன்றாக ஊதுவதால் வரும் வினை. அந்த முரண் எண்ணை மறைக்காமல் திரையில் காட்டுங்கள். அது எகிறினால் விடை சொல்லாமல் ஆளைக் கூப்பிடட்டும்.