குவெஸ்ட் 2-இல் கல்மண்டபம்: வினாடிக்கு 30 பிரேம், கூடவே குமட்டல்

கேள்வி (இறுதியாண்டு மாணவி):
குவெஸ்ட் 2 விஆர் ஹெட்செட்டுக்கு யூனிட்டி (கேம் எஞ்சின்) புராஜெக்ட். போட்டோகிராமெட்ரி (நிறைய போட்டோக்களிலிருந்து 3டி உருவம் எடுக்கிற முறை) மண்டபம், அதன் பரப்பு 40 லட்சம் சின்ன முக்கோணங்களால் ஆனது. கணினியில் ஓடுது, ஹெட்செட்டில் திணறுது. ஜாய்ஸ்டிக்கில் நடந்தா ரெண்டே நிமிஷத்தில் தலைசுற்றல். எதை முதல்ல சரிபண்ணணும்?

பதில் 1:
முக்கோணத்தை. 72 ஹெர்ட்ஸ்னா, அதாவது வினாடிக்கு 72 பிரேம்னா, ஒரு பிரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட்தான், அதுக்குள்ள ரெண்டு கண்ணுக்கும் வரைஞ்சாகணும். பிளெண்டர்ங்கிற 3டி மென்பொருள்ல டெசிமேட் (முக்கோணத்தைக் குறைக்கிற வசதி) போட்டு, ஒரே நேரத்தில் கண்ணில் படுறதை 5 லட்சத்துக்குள்ள கொண்டுவாங்க. சிற்ப நுணுக்கத்தை நார்மல் மேப்பா (தட்டையான பரப்பிலும் மேடுபள்ளம் இருக்கிற மாதிரி காட்டும் படம்) பேக் பண்ணிடுங்க, அதாவது முன்கூட்டியே கணக்கிட்டுப் பதிச்சிடுங்க. நிழலையும் லைட்மேப்பா (ஒளி-நிழல் பதிஞ்ச படம்) பேக் பண்ணுங்க. புளூம் (வெளிச்சம் சுத்தியும் கசியுற எஃபெக்ட்) வேண்டவே வேண்டாம், மொபைல் சிப்புக்கு அது பெரிய சுமை. 4 எக்ஸ் எம்எஸ்ஏஏ (விளிம்புகளை வழவழப்பாக்கும் அமைப்பு) இருக்கட்டும், இல்லேன்னா கல் விளிம்பெல்லாம் மினுமினுக்கும்.

பதில் 2:
நார்மல் மேப் விஷயத்தில் ஒரு திருத்தம். கைக்கெட்டும் தூரத்தில் அது தட்டைன்னு ரெண்டு கண்ணும் காட்டிக்கொடுத்துடும். பார்வையாளர் நெருங்கிப் பார்க்கிற தூண்களுக்கு மட்டும் நிஜ வடிவத்தையே விடுங்க.

பதில் 3:
பிரேம் சரியானாலும் குமட்டல் முழுசா போகாது: கண் நடக்குது, சமநிலையை உணர்ற உட்காது நிக்குது. டெலிபோர்ட் (நடக்காம இடத்துக்கு இடம் தாவுறது) வைங்க, திரும்புறதுக்கு 45 டிகிரி ஸ்நாப் டர்ன் (ஒரே வெட்டில் திரும்புறது). நடந்தே ஆகணும்னா சீரான வேகம், பார்வையின் ஓரத்தை இருட்டாக்கி மறைக்கும் விக்னெட். டிராக்கிங் ஆரிஜின் (உயரத்தை எங்கிருந்து அளக்கணும்ங்கிற அமைப்பு) 'ஃப்ளோர்'ல, அதாவது தரையில, இருக்கான்னும் பாருங்க. தப்பா இருந்தா தரையில் புதைஞ்ச மாதிரி தெரியும்.

மாணவி:
டிராக்கிங் ஆரிஜின் 'டிவைஸ்'லதான் (ஹெட்செட்லதான்) இருந்திருக்கு அண்ணா. மாத்திட்டேன்.